கடைசி என்று சொல்லி விற்ற வண்டி: 1976 கேடிலாக் எல்டராடோ கன்வெர்டிபிள்

அமெரிக்காவில் பழைய கார் விற்பனைக்கு வரும் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு வண்டி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1976 கேடிலாக் எல்டராடோ, மடிப்புக் கூரை, பெரும்பாலும் வெள்ளை நிறம், ஓடிய மைல் மிகக் குறைவு, ஒரே உரிமையாளர், கூடவே "அமெரிக்காவின் கடைசி கன்வெர்டிபிள்" என்று ஒரு வரி. அந்த வரியில் பொய் இல்லை என்று அன்று எல்லோரும் நம்பினார்கள், கம்பெனியும் அப்படித்தான் சொன்னது, வாங்கியவர்களும் அந்த ஒரு சொல்லுக்காகவே வரிசையில் நின்றார்கள். அந்த "கடைசி" என்ற சொல் ஒரு காரை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே முழுசாகப் பார்க்கப் போகிறேன். வண்டி எனக்கு மிகவும் பிடித்த வண்டி. அதை விற்ற விதம்தான் அதற்குக் கெடுதல் செய்தது என்பது என் கருத்து.

முதலில் பெயரின் கதை. கேடிலாக் 1953இல் எல்டராடோவைக் கொண்டுவந்தபோது அது கன்வெர்டிபிளாக மட்டுமே வந்தது. விலை 7,750 டாலர். அதே வருடம் கேடிலாக்கின் சாதாரண 62 வரிசை கன்வெர்டிபிள் 4,144 டாலர், அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. பக்கவாட்டில் வளைந்து திரும்பும் முன்கண்ணாடி, கதவின் மேல்விளிம்பில் ஒரு சின்னச் சரிவு, கூரையை மடித்தபிறகு அதை முழுசாக மறைத்துவிடும் உலோக மூடி என்று அந்தக் காலத்துக்குப் புதிதான எல்லாவற்றையும் அதில் வைத்தார்கள். ஜனவரி 1953இல் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாள் ஊர்வலத்தில் நின்றபடி கையசைத்துப் போனது இதில்தான். மொத்தம் 532 வண்டிகள் மட்டுமே செய்தார்கள். அடுத்த வருடமே விலையை 5,738 டாலருக்குக் குறைத்தார்கள், 2,150 விற்றது.

1956இல் கூரை மடியாத செவில் என்ற உடன்பிறப்பு வந்ததால் கன்வெர்டிபிளுக்கு பியாரிட்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். 1959 பியாரிட்ஸைப் படத்தில் பார்க்காதவர் குறைவு, பின்னால் வானைப் பார்த்து நிமிர்ந்த இரண்டு துடுப்புகள், அவற்றில் ஜோடி ஜோடியாகத் தோட்டா வடிவ விளக்குகள். 1,320தான் செய்தார்கள், இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு ஆறு இலக்க டாலர் விலை சாதாரணம். அதற்கப்புறம் வருடத்துக்கு வருடம் துடுப்பு இறங்கியது, உருவம் நேரானது. 1966 எல்டராடோ, பின்சக்கரம் இழுக்கும் கடைசி வரிசை, 2,250 வண்டிகளோடு முடிந்தது.

1967இல்தான் பெரிய மாற்றம். ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோவுக்காக, கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் முந்தைய வருடம் உருவாக்கிய முன்சக்கர இயக்கத்தை எல்டராடோவும் எடுத்துக்கொண்டது. எஞ்சின் வழக்கம்போல நீளவாக்கில்தான் இருக்கும், ஆனால் கியர்பாக்ஸ் அதன் பின்னால் இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சக்தியைக் கடத்துவது ஒரு அகலமான சங்கிலி. இவ்வளவு பெரிய வி8 எஞ்சினின் விசையை ஒரு சங்கிலி தாங்குமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தாங்கியது, இன்றும் தாங்குகிறது, இந்த வண்டிகளில் அடிக்கடி கெடும் பாகங்களின் பட்டியலில் அந்தச் சங்கிலி முன்வரிசையில் இல்லை. ஆனால் 1967 முதல் 1970 வரை எல்டராடோ கூப்பே மட்டும்தான், கூரை மடியாது. கூரை மடியும் கேடிலாக் வேண்டுமென்றால் டிவில் வாங்க வேண்டும். டிவில் கன்வெர்டிபிளை 1970உடன் நிறுத்தினார்கள், 1971இல் அந்த வேலை எல்டராடோ கைக்கு வந்தது.

அந்த 1971 முதல் 1976 வரையிலான ஆறு வருடம்தான் நம் வண்டியின் தலைமுறை. 1976 வண்டியின் நீளம் 224 அங்குலம், மீட்டரில் சொன்னால் 5.7ஐ நெருங்கும். எடை இரண்டேகால் டன்னுக்கு மேல். எஞ்சின் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். 1970இல் இதே எஞ்சின் முதலில் வந்தபோது 400 குதிரைத்திறன் என்று போட்டார்கள், 1976இல் 190. எஞ்சினை யாரும் பாதியாக வெட்டவில்லை. பழைய கணக்கு, விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் மேடையில் வைத்து அளந்தது. 1972 முதல் வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளந்து சொல்லத் தொடங்கினார்கள். அதோடு சேர்த்து அழுத்த விகிதத்தைக் குறைத்ததும், புகைக் கட்டுப்பாடும், புகையைச் சுத்தப்படுத்த 1975இல் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உண்மையாகவே கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டன. விளம்பரங்களில் சிலர் 1976 வண்டிக்கும் 400 குதிரைத்திறன் என்று எழுதிவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் விற்பவர் தன் வண்டியைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தலைமுறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கூரையின் இயக்கம். அதுவரை வந்த பெரிய கன்வெர்டிபிள்களில் கூரையின் இரும்புக் கைகள் நேராகப் பின்னால் மடிந்து பின்சீட்டின் இரண்டு பக்கமும் இறங்கும், அதனால் பின்சீட்டு குறுகிப் போகும். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கன்வெர்டிபிள்களில் கத்திரிக்கோல் மாதிரி உள்பக்கமாக மடியும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கைகள் நடுவை நோக்கி மடிந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும், பின்சீட்டு முழு அகலத்துக்கு இருக்கும். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இதை ஓட வைப்பது ஒரு மின்மோட்டாரும் அதிலிருந்து இரண்டு பக்கமும் போகும் சுழல் கேபிள்களும், கேபிளின் முனையில் சின்னப் பல்சக்கரப் பெட்டிகளும். மூளை வேலை என்றால் இதுதான். ஆனால் வயதானபின் இந்த இடம்தான் முதலில் நோகும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, "கடைசி" எப்படி வந்தது? 1960களின் நடுவில் அமெரிக்காவில் கன்வெர்டிபிள்கள் வருடத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் விற்ற காலம் உண்டு. பத்தே வருடத்தில் அது கரைந்துபோனது. காரணம் ஒன்றல்ல. ஏர் கண்டிஷனர் சாதாரணமானது, கூரையைத் திறந்தால்தான் காற்று என்ற அவசியம் போனது. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைலில் போகும்போது திறந்த வண்டியில் பேசினால் கேட்காது. கேன்வாஸை ஒத்த வினைல் ஒட்டிய இரும்புக் கூரை வந்தது, பார்க்கக் கன்வெர்டிபிள் மாதிரி இருக்கும், மழை ஒழுகாது. சன்ரூஃப் வந்தது. ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) 1968இல் நிறுத்தியது, கிரைஸ்லர் 1971இல், ஃபோர்டின் மஸ்டாங் கன்வெர்டிபிள் 1973இல் நின்றது, கார்வெட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பெரிய கன்வெர்டிபிள்களும் 1975உடன் முடிந்தன. 1976இல் அமெரிக்கக் கார்த் தொழிலின் ஊரான டெட்ராய்ட்டில் மிச்சம் இருந்தது எல்டராடோ ஒன்றுதான்.

இதில் எல்லோரும் சொல்லும் இன்னொரு காரணம் உண்டு: வண்டி உருண்டால் கூரை தாங்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவரப் போகிறது, அப்படி வந்தால் துணிக்கூரை வண்டி செய்யவே முடியாது. இந்தப் பயம் உண்மையாக இருந்தது, கம்பெனிகள் இதை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் கன்வெர்டிபிளை ஒழிக்கும் விதி வரவே இல்லை. 1972இலேயே ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு வகை வண்டியையே சந்தையிலிருந்து விரட்டும்படி பாதுகாப்பு விதி இருக்கக்கூடாது என்ற பக்கம் நின்றுவிட்டது. ஆக 1976இல் கன்வெர்டிபிளை நிறுத்தச் சொல்லி எந்தச் சட்டமும் கேடிலாக்கைக் கட்டாயப்படுத்தவில்லை. கன்வெர்டிபிள் விற்பனை குறைந்ததுதான் முக்கியக் காரணம். இந்தக் கதையில் இதுதான் நடுநாயகமான விஷயம் என்று நினைக்கிறேன். சட்டம் தடுத்தால் அது கடைசிதான். கம்பெனி தன் விருப்பத்தில் நிறுத்தினால், அதே கம்பெனி தன் விருப்பத்தில் மறுபடி தொடங்கவும் முடியும்.

யாரும் அப்படி யோசிக்கவில்லை. 1976 எல்டராடோ கன்வெர்டிபிளின் பட்டியல் விலை 11,049 டாலர். கடைசி வண்டி என்ற செய்தி பரவியதும் பட்டியல் விலைக்கு வண்டி கிடைப்பது அரிதானது. வாங்கிய கையோடு மேலே பல ஆயிரம் வைத்து விற்றவர்கள் இருந்தார்கள், 20,000 டாலருக்கு மேல் கேட்ட விளம்பரங்கள் வந்தன. வாங்கி ஓட்டாமல் தாங்கிகளின்மேல் ஏற்றி வைத்து, பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும், ஓய்வுக்காலத்துக்கு ஆகும் என்று கொட்டகையில் பூட்டியவர்கள் பலர்.

ஏப்ரல் 21, 1976, டெட்ராய்ட்டின் கிளார்க் தெருத் தொழிற்சாலையில் கடைசி வண்டி வரிசையை விட்டு இறங்கியது. அமெரிக்கா தன் 200ஆவது ஆண்டைக் கொண்டாடிய வருடம் என்பதால் கடைசி 200 வண்டிகளை ஒரே அச்சில் செய்திருந்தார்கள்: வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளைச் சக்கர மூடி, வெள்ளைத் தோல் இருக்கைகளில் சிவப்பு ஓரம், சிவப்புக் கம்பளம், பானட்டின்மேல் சிவப்பு நீலக் கோடுகள், டேஷ்போர்டில் ஒரு பட்டயம். அவற்றில் இறுதியாக வந்ததைக் கம்பெனி தனக்கே வைத்துக்கொண்டது.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 1971இல் 6,800, 1972இல் 7,975, 1973இல் 9,315, 1974இல் 7,600, 1975இல் 8,950. கடைசி வருடமான 1976இல்? 14,000. அந்தத் தலைமுறையின் ஆறு வருடத்திலேயே மிக அதிகமாகச் செய்த வருடம் அதுதான். மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். அரியது என்று நம்பி வாங்கிய பொருள் உண்மையில் அதன் குடும்பத்திலேயே நிறைய இருப்பது, அதிலும் வாங்கியவர்களில் பலர் பத்திரமாகப் பூட்டி வைத்ததால் பிழைத்திருப்பதும் நிறைய. ஒரு பழைய கார் விலையேற வேண்டுமென்றால் அதன் கூட்டாளிகள் துருப்பிடித்துச் செத்திருக்க வேண்டும், இங்கே அது நடக்கவில்லை.

அப்புறம் 1982 வந்தது. கிரைஸ்லர் தன் லபேரனில் கூரையை மடக்கிக் காட்டியது, அதே வருடம் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த பியூக் ரிவியேராவும் கன்வெர்டிபிளாக வந்தது. 1983இல் மஸ்டாங் திரும்பியது. 1984இல் கேடிலாக்கே எல்டராடோ கன்வெர்டிபிளை மறுபடி விலைப்பட்டியலில் போட்டது, 31,286 டாலருக்கு. "கடைசி" என்ற சொல்லை நம்பி எட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் ஒன்றுசேர்ந்து தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கம்பெனிமேல் கூட்டு வழக்குப் போட்டார்கள். வழக்கு வெல்லவில்லை. 1984 வண்டியும் பெரிதாகப் போகவில்லை, இரண்டு வருடத்தில் 3,300உம் 2,300உமாக விற்று நின்றது. ஆனால் சேதம் நடந்து முடிந்தது.

அந்த உரிமையாளர்கள்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. அவர்கள் பேராசைக்காரர்கள் என்று எழுதுவது சுலபம். நாட்டில் கன்வெர்டிபிள் என்பதே முடிந்தது என்று தொழிற்சாலை வாசலில் விழா எடுத்து, பட்டயம் அடித்து ஒட்டிக் கொடுத்த பிறகு ஒரு சாதாரண வாடிக்கையாளர் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பணக் கணக்கு இன்று எங்கே நிற்கிறது? 1976இன் 11,049 டாலரை விலைவாசி உயர்வோடு சேர்த்துப் பார்த்தால் இன்றைய பணத்தில் 60,000 டாலரை ஒட்டி வரும். நல்ல நிலையில் உள்ள சாதாரண 1976 எல்டராடோ கன்வெர்டிபிள் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ கைமாறுகிறது. கொட்டகை வாடகை, காப்பீடு, காய்ந்துபோன ரப்பர் எல்லாவற்றையும் கூட்டினால் பூட்டி வைத்தவர் தோற்றார். ஓட்டியவருக்கு ஓட்டிய சந்தோஷமாவது கையில் இருந்தது. உண்மையான அந்தக் கடைசி 200இல் ஒன்று, ஓடாத நிலையில் வந்தால் மட்டும் கதை கொஞ்சம் வேறு.

ஆகவே விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், விலை குறைவாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான், இவ்வளவு பெரிய, இவ்வளவு வசதியான, நாலு பேர் கால் நீட்டி உட்காரும் திறந்த கார் இந்த விலைக்கு வேறு கிடைப்பது கஷ்டம். ஆனால் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் ஓரத்தில் தெரியும் அடையாள எண்ணை முதலில் படியுங்கள். 6எல்67எஸ்6க்யூ என்று தொடங்க வேண்டும். 6 கேடிலாக், எல் எல்டராடோ, 67 கன்வெர்டிபிள், எஸ் 500 எஞ்சின், அடுத்த 6 வருடம், க்யூ டெட்ராய்ட். 67க்குப் பதில் 47 இருந்தால் அது கூப்பே, பின்னால் யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள், அதன் பக்கமே போக வேண்டாம். வெள்ளையும் சிவப்புமாக இருப்பதெல்லாம் கடைசி 200இல் ஒன்று ஆகிவிடாது, வெள்ளையில் சாதாரணமாகவே நிறைய விற்றது, கோட்டைப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பட்டயம், ஆவணங்கள், உள்ளே உள்ள தோலின் ஓரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 14,000 என்று காட்டினால் அது 1,14,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் மிதியின் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் இடது ஓரத்தையும் பாருங்கள், அவை உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்து பின்பக்கம் போங்கள். பம்பருக்கும் உடலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். இடித்தால் பம்பர் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்று விதி வந்ததால் அந்த இடைவெளியை மூட வைத்தவை. ஐம்பது வருட வெயிலில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஃபைபர்கிளாஸில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், பொருத்தி பெயின்ட் அடிக்கக் கூலி ஆகும், அதனால் இதைக் காரணம் காட்டி விலை குறைக்கலாமே தவிர வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. துரு வேறு விஷயம். பின்சக்கரத்துக்குப் பின்னால், டிக்கியின் தரையில், சேஸிஸின் பின்பாதியில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துரு உள்ளே போயிருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கூரையை விற்பவர் இயக்கிக் காட்டட்டும், நீங்கள் வெளியே நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் இழுத்துக்கொண்டு வந்தால் கேபிளோ பல்சக்கரமோ தேய்ந்திருக்கிறது, அப்படியே ஓட்டினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய சட்டத்தை நேராக்கத் தெரிந்தவர்கள் குறைவு. "கூரை வேலை செய்யும், கேபிள் மட்டும் மாற்ற வேண்டும்" என்று விளம்பரத்தில் இருந்தால், கேபிள் மட்டும் என்றால் ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேளுங்கள். மடித்த கூரையை மூடும் இரண்டு துண்டு கடின மூடி டிக்கியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், பல வண்டிகளில் அது எப்போதோ தொலைந்துவிட்டது.

எஞ்சின் முரட்டு எஞ்சின், எண்ணெய் மாற்றினால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே குறை, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட உதவும் டைமிங் சக்கரத்தின் பற்களில் நைலான் பூசியிருப்பார்கள், சத்தம் குறைய. வயதானால் அந்த நைலான் உதிர்ந்து எண்ணெய்த் தொட்டியில் விழும், இன்னும் மாற்றாமல் இருந்தால் உடனே முழு உலோகச் சக்கரம் போட்டுவிட வேண்டும். குறைந்த மைல் வண்டிகளில்தான் இது அதிகம் மாற்றப்படாமல் இருக்கும், பூட்டி வைத்ததன் இன்னொரு கூலி. கூடுதல் விலைக்கு மின்னணு எரிபொருள் செலுத்தி (ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்) பொருத்திய வண்டிகள் 215 குதிரைத்திறன் தரும், ஆனால் அந்தக் காலத்து முறை என்பதால் பலர் கார்புரேட்டருக்கு மாற்றிவிட்டார்கள், பழையபடி வேலை செய்யும் ஒன்று கிடைத்தால் அதைப் புரிந்த மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். 1976இல் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது, நின்றுபோன வண்டியில் பின்பக்கத்து காலிப்பர்கள் (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பாகம்) இறுகியிருக்கும், விலையும் கூடுதல். பெட்ரோல் காலனுக்குப் பத்து மைல் கொடுத்தால் திருப்திப்பட வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், ஒரே விலையில் இரண்டு நிற்கின்றன, ஒன்று 6,000 மைல் ஓடிய வெள்ளை, இன்னொன்று 60,000 மைல் ஓடி, வருடாவருடம் வேலை பார்த்த ரசீதுகளோடு வந்த அடர்சிவப்பு அல்லது பச்சை என்றால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முதலாவது இன்னும் யாரோ ஒருவரின் முதலீடு, அதை ஓட்டத் தொடங்கும் ஒவ்வொரு மைலும் அதன் விலையைக் குறைக்கும் என்ற பயம் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் கூடவே வரும். இரண்டாவது ஏற்கனவே கார். கூரையை இறக்கி, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, மணிக்கு 40 மைலில் ஏரிக்கரை ரோட்டில் போனால், எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியாகப் போகும்.

போகும்போது ஒன்று, விற்பவரிடம் வண்டியை முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்கள் வந்து முதல் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகு அரைமணி நேரம் ஓட்ட வேண்டும், திரும்பி வந்து நிறுத்தியபின் கூரையை இன்னொரு தடவை ஏற்றி இறக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர் "கடைசி" என்ற சொல்லைத்தான் விற்கிறார்.